பால் மரத்தில் தப்பான வெட்டு

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈப்போவில் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் பொம்மைப் பிரியர்களின் மாதாந்திரக் கூட்டம்.

மனைவி காலமான பிறகு குனோங் ராபாட் வீட்டில் நான் தனி. மகள் சிங்கப்பூரில். பொழுது போகவேண்டுமே என்று பிடித்துக்கொண்ட பழக்கம் இது. மேசைமேல் பகடை உருட்டிப் போர் விளையாடுவார்களே, அந்தச் சிப்பாய் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவது. ஒவ்வொன்றும் கட்டைவிரலில் பாதிதான். ஜப்பான்காரன் காலத்தில் இங்கே சண்டை போட்ட இந்தியச் சிப்பாய்கள் நாற்பது பேரைச் செய்தேன். தலைப்பாகை மடிப்புக்கே ஒரு மாதம் ஆனது. காலடித் தட்டில் பசை தடவி, செம்மண்ணைச் சலித்துத் தூவினேன். பின்னால் பன்னிரண்டு பால் மரங்களை, அதான் ரப்பர் மரங்களை, நட்டு, வெட்டுக்கோடு கீறி, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக்கூடக் குண்டூசித் தலையளவில் கட்டினேன். எட்டு மாத வேலை. விளையாட ஆள்தான் இல்லை. யாராவது ஒருத்தர் நின்று பார்த்தால் போதும் என்றுதான் அன்றைக்குக் கொண்டுபோனேன்.

மூன்று மணி நேரம் ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. கூட்டமெல்லாம் எதிர் மேசை ரோபோ பொம்மைகளிடம். எரிச்சலோடு உட்கார்ந்திருந்தபோது, தரை துடைத்துக்கொண்டு வந்த அக்கா ஒருவர் நின்றார். நம்மவர், என் வயதுதான் இருக்கும். சிப்பாய்களை விட்டுவிட்டு மரங்களையே குனிந்து பார்த்தார்.

"அண்ணே, வெட்டு தப்பா இருக்குலா. இடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழ வரணும். இப்படி வெட்டுனா பால் கொறஞ்சிரும்."

எனக்குச் சுருக்கென்றது. "நான் காட்ட வந்தது பட்டாளத்த. மரத்த யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டேன்.

"சோரிலா அண்ணே," என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மனசு கேட்கவில்லை. மறுநாள் மோட்டாரில் லகாட் பக்கம், பழைய ரப்பர் தோட்டம் இருந்த இடத்துக்குப் போனேன். புது வீடுகளுக்குப் பின்னால் பத்திருபது கிழட்டுப் பால் மரங்கள் மிச்சமிருந்தன. பழைய தழும்பு அத்தனையும் அவர் சொன்ன பக்கம்தான் சரிந்திருந்தது. வலது கை போன போக்கில் நான் கீறியதெல்லாம் நேர் எதிர். என் அம்மா அதே தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். அந்தச் சம்பளத்தில் படித்த நான், அவர் கத்தி எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை. சிப்பாய் சட்டையில் எத்தனை பொத்தான் என்று மட்டும் புத்தகம் புத்தகமாகத் தேடியிருக்கிறேன். வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனேன்.

பன்னிரண்டு மரத்தையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகச் செய்தேன். அந்த அக்காவிடம் காட்டி மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போனேன். வேறு யாரோ தரை துடைத்துக்கொண்டிருந்தார். பேரங்காடி அலுவலகத்தில் விசாரித்தேன். பெயர் என்ன என்று கேட்டார்கள். நான் கேட்டிருந்தால்தானே சொல்ல? துப்புரவுக்கு வரும் குத்தகை ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், தைப்பிங் பக்கம் அனுப்பியிருக்கலாம் என்றார்கள்.

என் எட்டு மாத வேலையைக் குனிந்து பார்த்த ஒரே ஆள் அவர். அவரையும் நானே விரட்டிவிட்டேன். அந்த மரங்களோடு இன்றும் மாதாமாதம் போகிறேன். யாராவது நின்றால் முதலில் பெயரைக் கேட்கவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் யாரும் நிற்கவில்லை.