செயினில் சிக்கிய முந்தானை

எங்கள் ஊர் ஒலக்கூர் பக்கம். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். இன்டர்வியூ போய்வந்து பதில் வராத நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்காரவே முடியவில்லை. பயிருக்கு மருந்தடிக்கும் பழைய ஸ்பிரேயரின் சின்ன இன்ஜினைக் கழற்றி என் சைக்கிளில் பொருத்தினேன். இடம் போதாததால் செயின் கவரையும், பின்சக்கரத்தில் புடவை சிக்காமலிருக்க மாட்டும் கம்பித் தடுப்பையும் எடுத்துவிட்டேன்.

பிரேக், பெட்ரோல் குழாய், இன்ஜினை அணைக்கும் பொத்தான் என எல்லாவற்றையும் சரிபார்த்து, வயல் பாதையில் ஓட்டியும் பார்த்தேன். அப்போது நான் போட்டிருந்தது பேன்ட்.

வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைக்குக் கூடையும் அரிவாளுமாகக் கிளம்பிய அம்மாவை, "ஏறும்மா, ஜல்தியா போயிடலாம்" என்று அழைத்தேன்.

"இன்னாடி, சைக்கிள் ஓட்டப் போறியா, மருந்தடிக்கப் போறியா?" என்று சிரித்தபடி கேரியரில் உட்கார்ந்தார்.

கொஞ்ச தூரத்திலேயே என் முதுகில் ஓங்கி அறைந்தார். "நிறுத்துடி! பொடவைய இழுக்குது!"

பொத்தான் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் பிழைத்தோம். காற்றில் அவிழ்ந்த முந்தானை செயினில் சுருண்டு அம்மாவின் இடுப்புவரை இறுகியிருந்தது. கூடையிலிருந்த அரிவாளால் அறுத்து அவரை விடுவித்தேன். அவருக்குக் காயமில்லை.

"வேலைக்குப் போயி மொதல்ல எனக்கு ஒரு பொடவ வாங்கிக் குடு" என்றார்.

இன்ஜினை நகர்த்திவிட்டு, கவரையும் தடுப்பையும் மறுபடி மாட்டிவிட்டேன். இப்போதெல்லாம் எதை மாற்றினாலும், ஸ்டாண்டு போட்டு, அந்தக் கிழிந்த புடவையைக் கட்டிக்கொண்டு நானே கேரியரில் உட்காருகிறேன். இன்ஜினைப் போடாமல், சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுவது அம்மாவின் வேலை.