ஒரு ழகரப் பயிற்சி

இதை எழுதவே கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். எழுதினால், "நல்லா கதை கட்டுறே" என்பார்கள். கட்டவில்லை. நடந்தது. என் காதுக்குள் நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

நான் அப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருந்தேன். வேறு மொழி பேசி வளர்ந்தவர்கள் பெரியவர்களான பிறகு தமிழ் படிக்க வந்தால், ழகரம் அவர்கள் வாயில் எப்படி வந்து சேருகிறது என்பதுதான் என் தலைப்பு. "ஒரே ஒரு எழுத்துக்கு ஒரு டாக்டர் பட்டமா?" என்று என் மாமா பார்க்கும்போதெல்லாம் கேலி செய்வார். ஒரே எழுத்துதான். ஆனால் அது வராமல் வகுப்பிலேயே கண்கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாலை வகுப்பில் தமிழ் படித்த சிலர் எனக்காகக் குரல் பதிவு செய்து கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பேக்கரியில் மாவு பிசைபவர். மனைவி தமிழ்ப் பெண். ஆறடி ஆள். கை உலக்கை மாதிரி இருக்கும். 'மழை' என்று சொல்லச் சொன்னால் 'மலை' என்பார். 'வழி' கேட்டால் 'வலி' கொடுப்பார். நாங்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்து முடித்ததும், "மறுபடி" என்பார். மற்றவர்கள் ஒரு கட்டத்தில் ழகரத்தைக் கைகழுவிவிட்டார்கள். அவர் விடவில்லை.

"எனக்கு இந்த எழுத்து வேணும் டீச்சர். ரொம்ப வேணும்."

எதற்கு என்று நான் கேட்டதில்லை.

கடைசிப் பதிவு மட்டும்தான் பாக்கி. அதற்கு அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. என் நெறியாளர் மேடம் கறாரானவர். "அவரோட கடைசிப் பதிவு இல்லாம இந்த அத்தியாயம் நிக்காது. எப்படியாவது ஆளைப் பிடி" என்று சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய பதிவுகளை வெட்டி ஒட்டலாம் என்று லேப்புக்குப் போனேன். கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. லேப் ஒரு நீளமான அறை. சுவரோரமாக வரிசையாக கேபின்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி, ஒரு மைக். எதிரே என் மேசை. கேபினில் யார் பேசினாலும் மேசையில் அந்த எண்ணுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும், குரல் என் ஹெட்போனுக்கு வரும். கேபினின் தடுப்பு உயரமானது. உள்ளே உட்கார்ந்தால் தலை தெரியாது.

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையில் மூழ்கிவிட்டேன். மணி நான்கு இருக்கும்.

ஐந்தாம் எண் விளக்கு எரிந்தது.

"மலை..."

அவர் குரல். சந்தேகமே இல்லை. வாசல் என் முதுகுப் பக்கம். காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அவர் வந்தது கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உடனே பதிவு பொத்தானை அழுத்தினேன்.

"எப்ப வந்தீங்க? சொல்லவே இல்லையே!"



"வலி... பலம்... கிலி..."

வழி. பழம். கிழி. என் பட்டியலிலுள்ள சொற்கள்தான். வரிசை மாறவில்லை. சரி, மனிதர் கோபமாக இருக்கிறார் போல என்று நானும் பயிற்சியை ஆரம்பித்தேன். நாக்கை மடியுங்கள், மேலே கொண்டுபோங்கள், எங்கேயும் ஒட்டவிடாதீர்கள்... எப்போதும் சொல்வதுதான்.

அப்போதுதான் திரையைப் பார்த்தேன்.

குரல் ஓடும்போது திரையில் கோடு ஏறி இறங்கும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே, பேசுகிறவர் மூச்சு இழுப்பது சின்ன நடுக்கமாகத் தெரியும். குழந்தையானாலும் கிழவரானாலும் தெரியும்.

இங்கே நடுக்கம் இல்லை. கோடு செத்தது போலக் கிடந்தது.

அவர் மூச்சே விடவில்லை.

"குமிலி."

அது என் பட்டியலில் இல்லாத சொல்.

"குமிழியா? நீர்க்குமிழியா?" என்றேன். என் குரல் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. "லி இல்ல. ழி. குமிழி."

"குமிலி."

"குமிழி."

"குமிலி... மறுபடி."

முன்பு அந்த 'மறுபடி'யில் கெஞ்சல் இருக்கும். இதில் இல்லை. இது உத்தரவு.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தேன். ஐந்தாவது கேபின் வரை நடந்தேன். எட்டிப் பார்த்தேன்.

காலி.

நாற்காலி தடுப்போடு ஒட்டிக் கிடந்தது. மைக் இல்லை. இருந்த இடத்தில் வெறும் வயர். அதன் நுனியில் டேப் சுற்றியிருந்தது.

என் பின்னால், மேசைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து... மெல்லிசாக...

"மறுபடி."

ஓடினேன். கதவை இழுத்தேன். நான் பூட்டவில்லை. ஆனாலும் திறக்கவில்லை.

"மறுபடி."

சத்தம் கூடியது.

"மறுபடி. மறுபடி. மறுபடி."

சொன்னேன். வேறென்ன செய்வேன்? கதவில் முதுகைச் சாய்த்து நின்று சொன்னேன்.

"குமிழி."

"குமிலி."

"குமிழி..."

"குமிளி."

நெருங்கிவிட்டது. நிறுத்தினால் ஹெட்போன் அலறியது.

"குமிழி... குமிழி... குமிழி..."

பிறகு...

"குமிழி."

சுத்தமான ழி. நான் கேட்டதிலேயே சுத்தமான ழி. ஆனால் அது ஹெட்போனிலிருந்து வரவில்லை.

என் காதோரத்தில் கேட்டது.

விளக்கு அணைந்தது. கதவு கை பட்டதும் திறந்தது.

மறுநாள் மைக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். லேப் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். "அஞ்சாவது மைக் ரிப்பேருக்குப் போய் ரெண்டு வாரமாச்சேம்மா. அதுல எப்படிக் குரல் வரும்?" என்றார். பதிவைப் போட்டுக் கேட்டோம். பேக்கரிக்காரர் குரலில் ஒரு சொல்கூட இல்லை. நான் மட்டும்தான். குமிழி, குமிழி என்று அரை மணி நேரம் கத்திக்கொண்டிருந்தேன். கடைசியில், எனக்கு நினைவே இல்லாத ஒரு வரியும் என் குரலில் இருந்தது.

"ரொம்ப சரி. இனிமே நீங்க கூப்பிடலாம்."

மைக் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "சொல்லலாம்னுதானேம்மா சொல்லணும்? ஏன் கூப்பிடலாம்னு சொன்னீங்க?"

நான் பதிவை நிறுத்தினேன்.

அன்று மாலை பேக்கரிக்காரரின் வீட்டு எண்ணுக்கு மறுபடி அடித்தேன். இந்த முறை எடுத்தார்கள். அவருடைய மனைவியின் தங்கை. நான் யார் என்று சொன்னேன். அவர் வகுப்புக்கு வருவாரா என்று கேட்டேன்.

"மாமா செத்து ஒரு மாசம் ஆச்சுங்க. பேக்கரி வண்டி கவுந்து..."

"அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.



"அக்கா பேசுற நிலைமையில இல்ல. நேத்து சாயங்காலம் குழந்தையும் போயிட்டா. ஆறு வயசு. நாலாவது மாடி பால்கனியிலிருந்து..."

கேட்கக் கூடாது என்று தெரிந்தது. வாய் கேட்டுவிட்டது.

"குழந்தையை... வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?"

"குமிழின்னுதான். மாமாவுக்கு மட்டும் அது வாயில வராது. அவளும் விடமாட்டா. 'சரியா கூப்பிட்டாதான் வருவேன்'னு கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவா. அவர் இருந்தவரைக்கும், அவர் கூப்பிட்டு அவ ஒரு தடவைகூடப் போனதில்ல..."

அவள் விசும்பினாள்.

"நேத்து அக்கா சமையலறையில இருந்திருக்கா. இவ கூடத்துல விளையாடிக்கிட்டு இருந்தவ, திடீர்னு எழுந்து கையைத் தட்டிக்கிட்டே பால்கனிக்கு ஓடியிருக்கா. ஓடும்போது கத்தியிருக்கா..."

"என்னன்னு?"

"'அம்மா, அப்பாவுக்கு வந்துடுச்சு!'ன்னு."