ஐம்பது கிராம் மெக்னீசியா

பல்லிடுக்கில் எந்நேரமும் நறநறவென்று வெள்ளை மாவு... எண்பதுகளில் திண்டிவனம் பக்கம் ஒரு செராமிக் கம்பெனியில் மாவு நிறுக்கும் வேலை எனக்கு. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ். இப்போது நினைத்தாலும் உடம்பு வலிக்கிறது.

நூல் மில்களில் நூல் ஓடுவதற்கான வளையங்கள் செய்வோம். அலுமினா மாவை வெறுமனே சுட்டால் சரியாக இறுகாது. துகள்கள் அவசரமாகப் பெருத்து, காற்றை உள்ளேயே அடைத்துவிடும். இருபது கிலோவுக்கு ஐம்பது கிராம் மெக்னீசியா என்ற வெள்ளைப் பொடி சேர்த்தால் போதும்... துகள் நிதானமாக வளரும், காற்று வெளியேறும், வளையம் கெட்டியாகும். அந்த ஐம்பது கிராமை நிறுத்துப் பேப்பரில் மடித்து, அரவை உருளையில் கொட்டுவது என் பொறுப்பு.

ஒரு திங்கட்கிழமை திருவாமாத்தூர் கோயில் திருநீற்றையும் பொட்டலமாகக் கொண்டுபோயிருந்தேன். இரண்டும் ஒரே மேஜையில். பஸ் லேட் ஆன அவசரத்தில் ஒன்றை உருளையில் கொட்டினேன். இன்னொன்றைச் சூளை பார்க்கும் ஏழுமலை அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதைச் சாமி படத்தடியில் வைத்து, தினமும் பூசிக்கொண்டுதான் சூளையைத் தொடுவார்.

அந்த மாவில் செய்த வளையங்கள் வெந்து வந்தன. முதலாளி வழக்கம்போலச் சிவப்பு மை தொட்டு வைத்தார். வளையம் கெட்டியாக இருந்தால் துடைத்ததும் போய்விடும்... உறிஞ்சிக்கொண்டது. ஒரு சூளைச் சரக்கு முழுவதும் பாழ். ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டார்.

"சூடு ஏத்தாம இன்னாய்யா பண்ணிக்கினு இருந்த?"

"சத்தியமா முழு சூடு குடுத்தேங்க..."

எனக்கு என்னவோ உறுத்தியது. படத்தடியில் இருந்த பொட்டலத்தை எடுத்து முகர்ந்தேன். திருநீற்று வாசனையே இல்லை.

சொல்லியிருக்கலாம். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அன்றைக்கே ஏழுமலை அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கிளியனூருக்குப் போக சைக்கிளை எடுத்தவர் என்னிடம் வந்தார்.

"நீ குடுத்த துண்ணூறு பூசிக்கினுதாம்மா பத்த வெச்சேன். நல்லாதான் எரிஞ்சுச்சு... என் நேரம், வேற இன்னா."

நெற்றி நிறைய மெக்னீசியா.

இப்போது மெஷினே நிறுக்கிறதாம். யார், எப்போது, எதைக் கொட்டினார்கள் என்று ஸ்கிரீனில் வந்துவிடுமாம். அன்றைக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் என் வேலை போயிருக்கும். போயிருக்கலாம்... இவ்வளவு அலுப்பு இருந்திருக்காது.

அதே கம்பெனியில்தான் ரிட்டயர் ஆனேன். ஒரு தப்பும் செய்யாதவர் என்று மாலை போட்டு அனுப்பினார்கள்.