ஓட்டை போட்ட சிம்பல்

சிம்பலில் வெடிப்பு இருப்பதை நான் கண்டது கலியாணத்துக்கு இரண்டு நாள் முந்தி. தேசிக்காய்ப் புளியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணியின் நூலொன்று விளிம்பில் மாட்டி இழுபட்டது. நகத்தால் தடவிப் பார்த்தேன். தடக்கியது.

அப்போது நான் துறைமுகத்து வேர்க்ஷொப் ஒன்றில் மெஷின் பூட்டித் திருத்துகிற பிற்றர். பின்னேரங்களில் கலியாணங்களுக்கும் சேர்ச் கார்னிவல்களுக்கும் வாசிக்கிற பாண்ட் ஒன்றில் ட்ரம்ஸ் அடித்தேன். ட்ரம்ஸுக்கு மேலே கம்பியில் நிற்கிற அந்த அகலமான வெண்கலத் தட்டு என்னுடையது அல்ல. ஓர்ஸ் ஹில்லில் இருந்த ஒரு பறங்கி அன்ரியின் புருஷனுடையது. இங்கிலீஷ் நேவி திருகோணமலையை விட்டுப் போனபோது, கப்பல் பாண்ட்காரன் ஒருவனிடம் அவர் வாங்கியது. அவர் செத்த பிறகு, "சும்மா தொங்கினா களிம்புதான் பிடிக்கும் தம்பி, கொண்டுபோய் அடியுங்கோ" என்று அன்ரி என்னிடம் தந்திருந்தார்.

இப்போது கலியாணம் அவருடைய ஒரே மகளுக்கு. அப்பா இல்லாத கலியாணத்தில் அப்பாவின் சிம்பலாவது கேட்கவேணும் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தாள். வெளிநாட்டுச் சாமான்கள் கடைக்கு வராமல் நின்றுபோன காலம். கொழும்புக்குப் போனாலும் புதிது கிடைக்காது.

மறைக்க மனம் வரவில்லை. சிம்பலையும் கை ட்ரில்லையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறினேன்.

வெடிப்பைக் கண்டதும் அன்ரி கதிரையில் இருந்துவிட்டார்.

"ஒட்டேலாதோ?"

"சூடு பட்டா வெண்கலம் நொறுங்கிப்போகும் அன்ரி. வெடிப்பு முடியிற இடத்தில ஒரு ஓட்டை போடவேணும். அப்பதான் அது மேல ஓடாது."

"ஓட்டையோ? அவற்ற சிம்பலிலயோ?"

"போடாட்டி கலியாணத்தண்டு ரெண்டாப் பிளக்கும்."

"ஓட்டை பிழைச்சா?"

"இப்பவே பிளக்கும்."

அன்ரி எழும்பி, மகளுக்குக் கேட்காமல் குசினிக் கதவைச் சாத்தினார். "போடுங்கோ. நான் பிடிக்கிறன்."

வெடிப்பு, கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நிற்பதில்லை. அதுதான் என் பயம். மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டியின் தூளைத் தூவினேன். உள்ளே போன எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைத் தூளில் மயிர்போல ஒரு கோடு ஊறி வந்தது. நான் நினைத்ததைவிட ஒரு விரற்கடை உள்ளே போயிருந்தது. அதன் நுனியைத் தாண்டிப் பென்சிலால் புள்ளி வைத்தேன்.

பலகைமேல் சிம்பலை வைத்து அன்ரி இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்தார். ட்ரில்லைச் சுற்றத் தொடங்கியதும் வெண்கலம் கீச்சிட்டது. பல் கூசியது. அன்ரியின் உதடுகள் அசைந்தன, செபமாக்கும். பாதியில் 'டிக்' என்று ஒரு சத்தம். கையை இழுத்துக்கொண்டேன். குனிந்து பார்த்தால் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. அவருடைய கலியாண மோதிரம் வெண்கலத்தில் தட்டுப்பட்ட சத்தம் அது. மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவர் மறுபடி பிடித்தார்.

ஓட்டை விழுந்தது. வெடிப்பின் இரண்டு பக்கமும் உரசாமல் இருக்க அரத்தால் ராவினேன். தூக்கிப் பிடித்து மெல்லத் தட்டினேன். சளி பிடித்த குரல்போல இருந்தது.

"இது அவற்ற சத்தமில்லை" என்றார் அன்ரி.

கலியாணத்தண்டு பயந்து பயந்துதான் அடித்தேன். விளிம்பைத் தொடாமல் நடுவில் மட்டும் தட்டினேன். பைலா ஆட்டப் பாட்டு தொடங்கியதும் கலியாணப் பொம்பிளையின் மாமன் ஒருவர் வந்து, "என்ன மச்சான், இன்னும் சாப்பாடு தரேல்லையோ? பலத்து அடியும்!" என்று கத்தினார். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் இடது விரலால் அடிப்பக்கத்தைத் தடவினேன். ஒருமுறை, ஓட்டையின் அப்பக்கத்தில் கூரான ஏதோ விரலில் கீறியது. புது வெடிப்பு! சிம்பலை விட்டுவிட்டு ட்ரம்ஸை மட்டும் அடித்தேன்.

மகளோடு ஆடிக்கொண்டிருந்த அன்ரி என் முகத்தைப் பார்த்துவிட்டார். ஆடியபடியே கிட்ட வந்து குனிந்தார்.

"அடியுங்கோ தம்பி. பிளந்தாப் பிளக்கட்டும். பிள்ளைக்குக் கேக்கவேணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு விளிம்பில் ஓங்கி அடித்தேன். சத்தம் மண்டபம் முழுக்க விரிந்தது. மகள் ஆட்டத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அடுத்த அடியில் போகும், அடுத்த அடியில் போகும் என்று நினைத்தபடியே கடைசிப் பாட்டுவரை அடித்தேன். போகவில்லை.

அடுத்த நாள் மறுபடி வெண்கட்டி தூவிப் பார்த்தேன். புதுக்கோடு எதுவும் இல்லை. விரலைக் கீறியது, ஓட்டையின் அடியில் என் ட்ரில் விட்டுவைத்த வெண்கலப் பிசிர்.

மகளும் மருமகனும் அவுஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு அன்ரியும் புறப்பட்டார். சாமான் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொடுக்கப் போயிருந்தேன். சிம்பலை அவர் தலையணைகளுக்கு நடுவே வைத்துக் கட்டினார். அதை எனக்கே தருவீங்களோ என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கனகாலம், கப்பல் உடைசலில் வெட்டியெடுத்த பித்தளைத் தகட்டைத்தான் கம்பியில் மாட்டி அடித்தேன். சட்டிமூடி விழுந்ததுபோலச் சத்தம் வரும். ஆட வந்த சனம் அதற்கும் ஆடியது.