சேற்றுப் பள்ளத்தில் கூப்பிட்டது

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்திவிட்டு நானும் என் மனைவியும் கொல்லிமலைக்கு நடக்கப் போவோம். குமாரபாளையத்தில் ஆறு தறி ஓட்டுகிறவனுக்கு எதற்கு இந்த வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். மலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் முடிந்ததும் பஸ்ஸை விட்டு இறங்கி, அருவிக்கும் கோயிலுக்கும் போகிற கூட்டத்துக்கு முதுகைக் காட்டிவிட்டு, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் இறங்குவோம். எங்கே போகிறோம் என்று எங்களுக்கும் தெரியாது. சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஒரு நாளை நினைத்துத்தான் மற்ற நாட்களை ஓட்டினேன். அதனால்தான் காது விஷயத்தை அவளிடம் மறைத்தேன். “கண்ணோ காதோ மங்குன அன்னைக்கு இந்தக் காட்டு நடையெல்லாம் நிறுத்திப்போடோணுங்க” என்று முன்பே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். எனக்கோ மூன்று வருடமாகவே காது மந்தம்.

மறைப்பது சுலபமாக இருந்தது. தறிப்பட்டறைக்குள் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. இழை அறுந்தால் விரலைக் காட்டுவோம், சாப்பாடு என்றால் கையை வாய்க்குக் கொண்டுபோவோம், மிச்சத்தை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். முப்பது வருடம் அப்படியே குடும்பம் நடத்தியவர்களுக்கு நேருக்கு நேர் நின்றால் காதே தேவையில்லை. மலைப்பாதையில் மட்டும் ஒரு தந்திரம் செய்வேன். அவளை முன்னால் நடக்க விடுவேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவள் திரும்பித்தானே ஆக வேண்டும். நான் பின்னால் காவலுக்கு வருவதாகத் தன் தங்கையிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதையும் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கூச்சமாக இருந்தது. ஆனாலும் தந்திரத்தை விடவில்லை.

போன ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் போனோம். இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் குறுக்கிட்டது. ஒரு காலத்தில் நெல் விளைந்த இடம். இப்போது நடவு இல்லாமல் கோரை மூடிக்கிடந்தது. மேலே பச்சை, அடியில் உளைச்சேறு. கீழே எங்கள் பக்கத்தில் ஆயிரம் அடி போர் போட்டாலும் புழுதிதான் பறக்கிறது, இங்கே மலைமேல் மிதித்த இடமெல்லாம் தண்ணீர் கொப்புளித்தது. சுற்றிப் போனால் ஒரு மணி நேரம் ஆகும்.

“நான் முன்னால போயிக் கம்புல குத்திப் பாக்கறேன். என் காலு பட்ட எடத்துலயே நீ காலை வெய்யி புள்ள” என்றேன்.

பாதிப் பள்ளம் தாண்டும்போது மேகம் இறங்கியது. கையில் இருந்த கம்பின் நுனி தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நான் பாட்டுக்குக் குத்திக் குத்தி நடந்தேன். அக்கரை மேட்டில் ஏறியதும், வலது பக்கமாக வா என்று கையைக் காட்டத் திரும்பினேன். அவள் இல்லை.

நின்று கேட்டுப் பார்த்தேன். மலை எப்போதும்போல அமைதியாக இருந்தது. பயம் வந்தது அப்போதுதான். அவள் கத்திக்கொண்டிருந்தாலும் எனக்கு மலை அப்படித்தான் இருக்கும்.

என் கால் பதிந்த குழிகளில் தண்ணீர் நிறைந்திருந்தது. அவற்றைப் பார்த்துப் பார்த்தே திரும்பி நடந்தேன். வழியை விட்டு இரண்டு எட்டுத் தள்ளி, தொடை வரை சேற்றில் இறங்கி, ஒரு கோரைக் கத்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எத்தன வாட்டிங்க கூப்புடறது?”

“காத்து அந்தப் பக்கம் அடிச்சுது புள்ள.”

காற்று துளிகூட இல்லை. மேகம் அசையாமல் நின்றது.

கம்பைக் குறுக்கே போட்டு அதன்மேல் அவளைச் சாயச் சொல்லிவிட்டு, குனிந்து அவள் காலைச் சுற்றியிருந்த சேற்றைக் கையால் அள்ளினேன். ஒரு கால் வந்தது. இன்னொன்று செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு வந்தது. நான் நிமிர்ந்ததும் சேற்றுக் கையோடு என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“நீங்க குனிஞ்சிருந்தப்ப ரெண்டு கேள்வி கேட்டனுங்க. ஒண்ணுக்கும் பதிலு இல்ல. எத்தன நாளா இப்புடி?”

“மூணு வருசமா” என்றேன்.

மேட்டில் ஏறிப் பாறையில் உட்கார்ந்தோம். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பிரிக்கவில்லை. இதோடு மலை முடிந்தது என்று நினைத்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வேறு ஒன்றைச் சொன்னாள்.

“மொதல்ல ஏனுங்க, ஏனுங்கன்னுதான் கூப்புட்டேன். கால் உள்ள போயிக்கிட்டே இருந்துச்சு. பயந்துபோயிட்டேன். அப்பறம் உங்க பேரச் சொல்லிக் கூப்புட்டனுங்க. ஒரு வாட்டி இல்ல, தொண்ட கட்டற மட்டும்.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் மகளைச் சொல்லச் சொல்வாள். நான் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன், சொல்ல வைக்கப் பார்த்திருக்கிறேன். அன்று அந்தப் பாறையில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

காது டாக்டரிடம் அவளே கூட்டிப்போனாள். மெஷின் மாட்டிக்கொண்டேன். மலையை அவள் நிறுத்தவில்லை. “மறைச்சதுக்குத்தானுங்க கோவம், காதுக்கு இல்ல” என்றாள். அடுத்த மாதம் அதே பாதையில் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். பறவைகள் இத்தனை சத்தம் போடும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அந்த மேட்டுக்கு வந்ததும் நின்றேன்.

“எங்க, இப்ப ஒருக்காக் கூப்புடு பாக்கலாம்.”

“ஏனுங்க” என்றாள்.

“அது இல்ல புள்ள.”

“அதான் இப்பக் காது கேக்குதுங்கல்ல. வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

திரும்பாமலேதான் சொன்னாள். ஒரு எழுத்து விடாமல் கேட்டது. பின்னாலேயே நடந்தேன். பள்ளத்து ஓரத்தில் நாலைந்து மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அன்றைக்கும் அவை இங்கேதான் எங்கேயோ நின்றிருக்கும். அவள் வாயால் என் பெயரை அந்த மாடுகள்கூடக் கேட்டிருக்கும்.