தங்கம்மாளின் இரண்டு வயது

வெள்ளிக்கிழமையோடு தங்கம்மாள் அக்காவுக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது என்று கம்ப்யூட்டர் காட்டியதும் அவரைக் கூப்பிட்டனுப்பினேன். மன்னார்குடிப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை. நான் அங்கே கணக்கர். ஆலையில் அறுபது வரை வேலை பார்க்கலாம். பென்ஷன் திட்டத்துக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது, ஐம்பத்தெட்டோடு சரி. அதற்குள் பத்து வருடம் சேவை இருந்தால் சாகும்வரை மாதாமாதம் பென்ஷன் வரும். இல்லாவிட்டால் கட்டியதை மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை மூடிவிடுவார்கள். அக்கா சல்லடை வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது.

"அது என் வயசு இல்லங்க. ரெண்டு வயசு கூட இருக்கு," என்றார்.

"அப்ப பள்ளிக்கூடத்து டி.சி. கொண்டாங்கக்கா. மாத்திடலாம்."

"இருக்கு. ஆனா வேணாம்."

"வேணாம்னா பென்ஷனும் வேணாமா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் சல்லடைப் பக்கம் போய்விட்டார்.

மூன்று நாள் என் மேசைப் பக்கமே அவர் வரவில்லை. வியாழக்கிழமை மாலை நான் மேசையைப் பூட்டும்போது கணவர் இராஜாங்கத்தோடு வந்து நின்றார். கையில் மடிப்பில் கிழிந்த டி.சி. பிறந்த வருடம் 1968 என்றது அது. வயது ஏன் மாறியது என்று ஒரு கடிதமும், அதில் ஒரு சாட்சிக் கையெழுத்தும் வேண்டும் என்றேன்.

"தவறுதலா பதிஞ்சிட்டாங்கன்னு நானே எழுதிடறேங்கக்கா."

"பேப்பரக் குடுங்க. நான் எழுதறேன்."

ஒன்பது வருடத்தில் சம்பளப் பதிவேட்டுக் கையெழுத்தைத் தவிர அவர் எழுதி நான் பார்த்ததில்லை. அச்சடித்த மாதிரி எழுத்து.

'எனக்குப் பதினாறு வயதில் கல்யாணம் செய்தார்கள். கேஸ் ஆகக்கூடாது என்று அப்பா பதினெட்டு என்று சொல்லி எல்லா இடத்திலும் பதியவைத்தார். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது.'

தாளைக் கணவர் பக்கம் தள்ளினார். "சாட்சி நீங்க போடுங்க."

இராஜாங்கம் படித்தார். மறுபடியும் படித்தார். முகம் கறுத்துவிட்டது. "இதெல்லாம் இப்ப எதுக்கு எழுதற?"

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா, தெரியாதா?"

அவர் வாசல் பக்கம் திரும்பினார். அவர் போய்விட்டால் நாளையோடு எல்லாம் முடிந்தது.

"தெரியும்," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கே பென்ஷன் ஆபீசுக்கு அனுப்பிவைத்தேன். அடுத்த மாதம் திருத்தம் ஆகி வந்தது. சல்லடைப் பக்கம் போய், இன்னும் இரண்டு வருடம் கணக்கு ஓடும், பென்ஷன் நிச்சயம் என்று சொன்னேன். அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அந்த ரெண்டு வருசமும் எனக்குத்தானே?"