வால்யூம் தீனதயாளன்

'நேரமின்மை காரணமாக, சுருக்கமாக ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்' என்று பேச்சாளர் அறிவித்ததும், மண்டபத்தின் பின்மூலையில் தீனதயாளனின் வலது கை ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் திருகுக்குப் போகிறது. கண் மேடையில்தான் இருக்கிறது. முகத்தில் பக்தி சொட்டுகிறது. விரல் மட்டும் எள்ளளவு இடப்பக்கம் நகர்கிறது. இரண்டு வாக்கியம் போகட்டும் என்று காத்திருந்து, இன்னும் எள்ளளவு. பேச்சாளர் செருமுகிறார். தண்ணீர் குடிக்கிறார். குரலை உயர்த்திப் பார்க்கிறார், எடுபடவில்லை. 'தொண்டை ஒத்துழைக்க மறுப்பதால்' என்று சபையிடம் மன்னிப்புக் கேட்டு உட்கார்ந்துவிடுகிறார். தீனதயாளன் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கிறார்.

கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் சாலைப் பக்கம் 'தீனா சவுண்ட் சர்வீஸ்' என்று போர்டு வைத்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய வயது, ஒல்லி உடம்பு. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர். மணிக்கட்டில் வளையல் போல இன்சுலேஷன் டேப். காதுகுத்திலிருந்து கருமாதி வரை மைக்செட் கட்டுவார். ஆனால் மனிதர் கெட்டுப்போனது புத்தக வெளியீடுகளால்தான்.

மாவட்டம் ஆனதிலிருந்து எங்கள் ஊருக்கு கலெக்டர் ஆபீஸ் வந்தது, எஸ்.பி. ஆபீஸ் வந்தது, கூடவே நூல் வெளியீடும் வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் கவிதைதான் போடுவார்கள். அது பரவாயில்லை, சீக்கிரம் முடியும். இப்போது வருவதெல்லாம் தடித்தடியான கட்டுரை நூல்கள். சமூக வலைதளம், செயற்கை நுண்ணறிவு, சின்னத்திரை, மீம்ஸ், ரீல்ஸ். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் நாம் நாசமாய்ப் போய்க்கொண்டிருப்பதை அடிக்குறிப்புகளோடு நிரூபித்துவிடுகிறார். ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் தீனதயாளன்தான் மைக்.

"நான் ஒண்ணுகூட படிச்சதில்ல சார். எல்லாம் கேட்டதுதான். கேட்டதுலயே வயிறு ரொம்பிடுச்சி" என்பார்.

கவனச்சிதறலைப் பற்றி ஒரு புத்தகம் வெளியானது. இந்தத் தலைமுறையால் பத்து நிமிடம்கூட ஒன்றைக் கவனிக்க முடியாது என்று ஆசிரியர் ஒன்றேகால் மணி நேரம் வருத்தப்பட்டார். முதல் வரிசை முழுக்கக் குனிந்து போனை நோண்டிக்கொண்டிருந்தது. "கவனமா இருந்தவன் நான் ஒருத்தன்தான் சார். எப்ப முடிப்பாருன்னு காதத் தீட்டிக்கினு குந்தினு இருந்தேன்" என்றார் தீனதயாளன்.

செயற்கை நுண்ணறிவு நூலுக்கு வந்த வரவேற்புரை, ஆய்வுரை, வாழ்த்துரை மூன்றும் எழுத்துப் பிசகாமல் ஒரே வாக்கியத்தைச் சொல்லி முடிந்தன. எந்திரத்திடம் எழுதி வாங்கியவர்கள் தங்களுக்குள் முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசிவைத்திருக்கலாம். சின்னத்திரைத் தொடர்கள் பற்றிய புத்தகத்துக்குப் பேச வந்த ஐந்து பேராசிரியர்களும், "நான் தொடர் பார்ப்பதில்லை, வீட்டில் பார்ப்பார்கள்" என்று ஆரம்பித்து, முந்தின நாள் எபிசோடு வரை ஒப்பித்தார்கள். அன்றைக்கு மட்டும் தீனதயாளன் திருகில் கைவைக்கவில்லை. "எனக்கும் நடுவுல நாலு நாள் கதை வுட்டுப்போயிருந்திச்சி."

அவருக்கென்று சில தர்மங்கள் உண்டு. 'மேடையில் வீற்றிருக்கும்' என்று தொடங்கும் விளிப்புகளில் கைவைக்க மாட்டார். "பேரு சொல்றப்ப ஃபுல்லா வெக்கணும் சார். ஒரு பேரு கேக்காம போச்சின்னா ஒதை வுழும். கருத்து கேக்காம போனா எவன் வந்து கேக்கப்போறான்?" பெண்கள் பேசினால் குறைக்க மாட்டார். அவர்களுக்கு எப்படியும் கடைசியில் ஐந்து நிமிடம்தான் தருகிறார்கள் என்பது காரணம். என்னையும் குறைத்ததில்லை. இந்த ஊரில் எனக்கு நிரந்தரமாக ஒதுக்கப்பட்டது நன்றியுரை. நாலு வரிக்கு மேல் போனால் நாற்காலி மடக்குகிறவர்களே என்னை முடித்துவைத்துவிடுவார்கள்.

அவர் கையால் அதிகம் அடிபட்டவர் நாராயணசாமி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வாசகர் பேரவையின் தலைவர், கூட்டம் நடக்கும் மண்டபத்தின் சொந்தக்காரர். மூன்றும் ஒருவரே என்பதால் அவரை நிறுத்த சட்டத்தில் இடமில்லை. தலைமையுரை என்று எழுந்தால் பேச வந்தவர்கள் சொல்லப்போவதையெல்லாம் தானே சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். தீனதயாளன் அவரை இருபதாவது நிமிடத்தில் இறக்கிவிடுவார். மனிதர் தன் தொண்டையைத்தான் சந்தேகப்பட்டார். சேலத்துக்குப் போய் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் தொண்டையில் ஒன்றுமில்லை என்றதும் டாக்டரைச் சந்தேகப்பட்டார். கடைசியில் கல்வராயன் மலைத்தேனில் சுக்குப்பொடி குழைத்துக் காலையும் மாலையும் நக்க ஆரம்பித்தார். தேன் வாங்கிவந்து கொடுப்பது யார் என்று கேட்கிறீர்களா? தீனதயாளன்தான். வெள்ளிமலையில் மாயவன் என்கிற தெரிந்த ஆளிடம் கலப்படமில்லாததாகப் பார்த்து வாங்கிவருவார்.

இதில் சிரிக்க நிறைய இருக்கிறது. தீனதயாளனுக்கு மட்டும் இது சிரிக்கிற விஷயமில்லை. நாராயணசாமியின் மண்டபத்தில் நடக்கிற கல்யாணம், காதுகுத்து அத்தனைக்கும் மைக்செட் இவருடையதுதான். புரட்டாசியிலும் மார்கழியிலும் ஊரில் கல்யாணம், காதுகுத்து இல்லாதபோது பேரவைக் கூட்டங்கள்தான் இவர் வீட்டு அடுப்பை எரியவைக்கின்றன. திருகு சமாசாரம் நாராயணசாமி காதுக்குப் போனால் அன்றோடு பிழைப்பு போச்சு. இது தீனதயாளனுக்குத் தெரியும். தெரிந்தும் விரல் கேட்கவில்லை. "கை நமநமங்குது சார், இன்னா பண்றது" என்பார்.

இந்த நேரத்தில்தான் கவியரசன் வந்து சேர்ந்தார். சொந்த ஊர் சங்கராபுரம். சென்னையில் ஊடகவியல் கற்பிக்கும் பேராசிரியர். குழாய் ஸ்பீக்கரும் மைக்கும் சினிமாப் பாட்டும் நம் பக்கத்துக் கிராமங்களை எப்படி மாற்றின என்று புத்தகம் எழுதப்போவதாகச் சொன்னார். தீனதயாளனின் குட்டியானை வண்டியில் முன்சீட்டில் ஏறிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். ஆடி மாதம் வெள்ளிமலைப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்குக் குழாய் கட்டப் போனபோது, மலைப்பாதை வளைவில் வண்டியைத் திருப்பிய குஷியில் தீனதயாளன் திருகு ரகசியத்தைச் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டு, "சார், இத மட்டும் எழுதிக்கினு கிழுதிக்கினு போயிடாதீங்க. பொழப்பு பூடும்" என்றார்.

"சேச்சே, என்னங்க நீங்க" என்றார் கவியரசன். படித்தவர்கள் 'சேச்சே' என்றால் எழுத்துமூலமாக வாங்கிக்கொள்வது நல்லது.

புத்தகம் 'குழாய் கட்டிய ஊர்கள்' என்ற பெயரில் வந்தது. வெளியீடு நாராயணசாமி மண்டபத்தில்தான். தன்னைப் பற்றி ஒரு அத்தியாயமே இருக்கிறது என்று கேள்விப்பட்ட தீனதயாளன், அது புளியமரத்தில் ஏறிக் குழாய் கட்டும் வீரத்தைப் பற்றியது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மனைவி செந்தமிழ்ச்செல்வியை இரண்டாவது வரிசையில் உட்காரவைத்திருந்தார். எனக்கே பார்க்க ஆசையாக இருந்தது.

நூலை ஆய்வு செய்தவர் கல்லூரியில் தமிழ் நடத்தும் அமிர்தம் மேடம். வழக்கமாக ஐந்து நிமிடம் வாங்குகிறவருக்கு அன்றைக்கு அதிசயமாக இருபது கொடுத்திருந்தார்கள். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. "இந்நூலில் நான் விழுந்து விழுந்து சிரித்த பகுதி" என்று பக்கத்தைப் புரட்டி வாசிக்க ஆரம்பித்தார். கள்ளக்குறிச்சியில் தயாளன் என்றொரு ஒலிபெருக்கிக்காரர். பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறதாம். தீனாவை எடுத்துவிட்டால் மாற்றியதாகிவிடும் என்பது கவியரசனின் ஆய்வு நெறி. நீளமாகப் பேசுகிறவர்களின் வால்யூமை அந்தத் தயாளன் எப்படி எள்ளெள்ளாகக் குறைக்கிறார், அவர்கள் எப்படித் தொண்டையைத் தடவிக்கொண்டு உட்காருகிறார்கள், ஒருவர் அதற்காக மலைத்தேன் சாப்பிடுகிறார் என்பதுவரை ஒரு வரி விடாமல் அச்சாகியிருந்தது.

நான் பின்மூலையைப் பார்த்தேன். தீனதயாளனின் கை திருகின் மேல் இருந்தது. குறைத்தால் அதுவே சாட்சியாகிவிடும். குறைக்காவிட்டால் மொத்தமும் வெளியே வரும். கடைசியில் கையை எடுத்துவிட்டார். அமிர்தத்தின் குரல் கணீரென்று வாசல்வரை கேட்டது. கூட்டம் சிரித்துக்கொண்டே திரும்பி தீனதயாளனைப் பார்த்தது. செந்தமிழ்ச்செல்வி தலையில் அடித்துக்கொண்டார். கவியரசன் மேடையில் புன்னகைத்துக்கொண்டிருந்தார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாராயணசாமி சிரிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி, நடுப்பாதை வழியாக நடந்து, ஆம்ப்ளிஃபயர் முன்னால் வந்து நின்றார்.

"என்னுதையும் கொறச்சியா?"

"எப்பனா ஒரு தபா சார்."

"எப்பனான்னா?"

"நீங்க பேசறப்பல்லாம்."

நாராயணசாமியின் கை தானாகத் தொண்டைக்குப் போனது. இந்த முறை திருகுக்கு அதில் சம்பந்தமில்லை. பிறகு கேட்டார்: "அப்ப நான் இத்தினி வருசமா துன்ன தேனு?"

"அது ஒடம்புக்கு நல்லதுதான் சார்."

"கூட்டம் முடிஞ்சதும் ஒயர சுருட்டிக்கினு கெளம்பு. இனிமே என் மண்டபத்து வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டு மேடைக்குத் திரும்பினார். தீனதயாளன் பிளாஸ்டிக் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து, மணிக்கட்டு டேப்பைக் கொஞ்சம் பிய்ப்பதும் ஒட்டுவதுமாக இருந்தார்.

அடுத்தது கவியரசனின் ஏற்புரை. ஒலி என்பதே அதிகாரம் என்று ஆரம்பித்தார். வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பெயர்கள் மூன்றைச் சொன்னார். ஒவ்வொருவரும் என்ன சொன்னார், மற்றவர் அதை ஏன் மறுத்தார் என்று விளக்கினார். பக்கத்துக் கூடத்தில் பந்தி விரித்தாயிற்று, ரவா கிச்சடி ஆறிக்கொண்டிருந்தது. கூட்டம் நெளிந்தது. யாரோ கொட்டாவி விட்டது எனக்குக் கேட்டது. பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து விரித்தார். சின்னக் கட்டு இல்லை.

முதலில் ஒரு தலை பின்பக்கம் திரும்பியது. அப்புறம் ஒரு வரிசை. கொஞ்ச நேரத்தில் மண்டபமே மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தீனதயாளனைப் பார்த்தது. கவியரசன் தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. அவர் பக்கத்து நாற்காலியில் நாராயணசாமி கடிகாரத்தைப் பார்த்தார், கிச்சடி இருக்கும் திசையைப் பார்த்தார், கடைசியில் அத்தனை தலைகளையும் தாண்டிப் பின்மூலையைப் பார்த்தார். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, மார்புக்கு நேராக வைத்து, மெதுவாக இடப்பக்கம் திருகிக்காட்டினார். தீனதயாளன் அசையவில்லை. நாராயணசாமி இன்னொரு தடவை திருகிக்காட்டினார், கெஞ்சுகிற முகத்தோடு.

தீனதயாளன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் நன்றாக அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.